முதலில் பேட்டரியைப் பாருங்கள், அப்புறம் வாக்குவம் கிளீனரை

அக்கா வீட்டு வாக்குவம் கிளீனர் இன்னும் சாகவில்லை, இழுத்துக்கொண்டிருக்கிறது. 'மேக்ஸ்' பொத்தானை அழுத்தினால் நாலு விநாடி உறுமுகிறது, நிற்கிறது, திரும்ப உறுமுகிறது, நிற்கிறது. சாதாரண வேகத்தில் ஹாலை முடிப்பதற்குள் விளக்கு சிவப்பாகிவிடுகிறது. வாங்கி மூன்றரை வருடம். மோட்டாரில் பழுதில்லை, பிரஷ்ஷில் பழுதில்லை, ஃபில்டரைப் போன மாதம்தான் மாற்றினாள். கைப்பிடிக்குள் இருக்கும் ஆறு செல்களுக்கு மட்டும் வயதாகிவிட்டது.

அக்காவும் அத்தானும் இருப்பது ஜெர்மனியில். "டேய், புதுசா எது வாங்கலாம்னு ஒரு வரியில சொல்லு. கட்டுரை எழுதாதே" என்றாள் போனில். ஒரு வரியில் சொல்லிவிட முடியாத நேரத்தில் கேட்கிறாள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18-லிருந்து, பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடியாத கையடக்கச் சாதனங்களைப் புதிதாகச் சந்தைக்குக் கொண்டுவரக் கூடாது. சில விலக்குகள் உண்டு. அதுவரை பொறுப்பதா, இப்போதே வாங்குவதா, வாங்கினால் எந்த மாதிரிப் பேட்டரி உள்ளதை வாங்குவது? அக்கா மன்னிக்கட்டும், கட்டுரைதான்.

பழசைக் கழற்றிப் பார்த்தோம்

புதிது வாங்குவதற்கு முன் பழையதற்கே ஒரு பேட்டரி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். எல்லா வழிகளிலும் மலிவானது அதுதான். வீடியோ அழைப்பில் அத்தான் திருப்புளியோடு உட்கார்ந்தார். கைப்பிடியில் இரண்டு ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரிந்தது. மூன்றாவது, மாடல் எண் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது. "மாப்ள, இத கண்டுபிடிக்கவே தனியா ஒருத்தன் வேணும்" என்றார். மூன்றையும் கழற்றி, பிளாஸ்டிக்கை நெம்பி எடுத்ததும் உள்ளே நீல உறைக்குள் ஆறு செல்கள், பக்கத்தில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு, அதிலிருந்து ஒரு கனெக்டர். சால்டரிங் இல்லை. பிடுங்கினால் வந்துவிடும். அதுவரை நல்ல செய்தி.

உறையில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொன்னேன். 21.6 வோல்ட், 2.5 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு). லித்தியம் அயான் செல் ஒன்றுக்குச் சராசரியாக 3.6 வோல்ட், ஆறு செல் வரிசையாக இணைத்தால் 21.6. அந்த 21.6-ஐ 2.5-ஆல் பெருக்கினால் 54 வாட்-அவர், பேக்கில் அடங்கும் மொத்த ஆற்றல். மேக்ஸில் மோட்டார் 400 வாட் இழுக்கும் என்று வைத்தால் புதிதாக இருக்கும்போதே 8 நிமிடம்தான். அந்த 8 நிமிடமும் சுமார் 18 ஆம்பியர் பாய வேண்டும். செல்லுக்கு வயதாகும்போது கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்ளே மின்தடையும் ஏறுகிறது. 18 ஆம்பியர் கேட்டதும் வோல்டேஜ் சரிகிறது, பாதுகாப்பு போர்டு 'காலி' என்று நினைத்து வெட்டிவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் எழும்புகிறது, மறுபடி ஓடுகிறது. அக்கா கேட்ட அந்த விட்டு விட்டு உறுமும் சத்தம் இதுதான். மோட்டார் போய்விட்டது என்று நினைத்து இந்த நிலையில் சாதனத்தையே தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

கெட்ட செய்தி அப்புறம் வந்தது. தயாரித்த கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிட்டது, பேக் தனியாகத் தருவதில்லை. வேறு யாரோ தயாரித்த 'பொருந்தும்' பேக் ஒன்று இணையத்தில் கிடைத்தது. அதே அளவு, அதே ஆறு செல், ஆனால் 6000 எம்ஏஎச், அதாவது 6 ஏஎச், என்று போட்டிருந்தது. பார்த்ததும் வேண்டாம் என்றேன். அந்தப் பேக்கில் இருப்பது 18650 எனப்படும் செல், 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். அந்த அளவில் கிடைக்கும் நல்ல செல்லே 3500 எம்ஏஎச் பக்கம்தான் நிற்கிறது. வரிசையாக இணைத்தால் வோல்டேஜ் கூடுமே தவிர எம்ஏஎச் கூடாது. ஆறு செல் பேக்கில் 6000 என்று எழுதியிருந்தால் எழுதியவர் பொய் சொல்கிறார். எண்ணிலேயே பொய் சொல்பவர் பாதுகாப்பு போர்டில் மட்டும் நேர்மையாக இருப்பார் என்று நம்பி, அதை இரவெல்லாம் வீட்டுக்குள் சார்ஜில் போட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, கழற்ற முடிந்தது, மாற்ற முடியவில்லை. சட்டமே இந்த இரண்டையும் தனித்தனிச் சொற்களாகத்தான் வைத்திருக்கிறது.

சட்டம் எதைத் தருகிறது, எதைத் தரவில்லை

2023/1542 எண் கொண்ட ஐரோப்பிய ஒன்றிய பேட்டரி ஒழுங்குமுறை 2023 ஆகஸ்ட் 17-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 11-ஆம் பிரிவுதான் நமக்கு வேண்டியது. அந்தப் பிரிவு அமலாவது 2027 பிப்ரவரி 18-ல். இதற்கு முன்னால் 2006-ல் வந்த உத்தரவும் பேட்டரியை எளிதாகக் கழற்றும்படி வடிவமைக்கச் சொன்னது. ஆனால் 2013-ல் திருத்தியபோது, வாங்கியவர் கழற்ற முடியாவிட்டால் தகுதியுள்ள தொழில்நுட்பர் கழற்றினாலும் போதும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த இடைவெளிக்குள் புகுந்து ஒரு தலைமுறை ட்ரிம்மர்களும் டூத்பிரஷ்களும் ஒட்டி மூடப்பட்டன.

புதிய பிரிவு அந்த ஓட்டையைப் பெரும்பாலும் அடைக்கிறது. 5 கிலோவுக்கு உட்பட்ட, மூடிய, சாதாரணப் பயன்பாட்டுப் பேட்டரி எதுவானாலும், சாதனத்தின் ஆயுளில் எந்த நேரத்திலும், வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். கடையில் யாரும் வாங்கக்கூடிய கருவி போதுமானதாக இருக்க வேண்டும். விசேஷக் கருவி தேவை என்றால் அதைச் சாதனத்தோடு இலவசமாகத் தர வேண்டும். கம்பெனி தனக்கென்று வைத்திருக்கும் கருவி, வெப்பம், கரைப்பான் ஆகியவை தேவைப்படக் கூடாது. சூடு காட்டினால்தான் விடும் பசைக்கு இதோடு வழி அடைபட்டது. சால்டரிங் அயர்னும் வெப்பம்தானே, அதற்கும் அப்படித்தான். மூன்றாவது ஸ்க்ரூ ஸ்டிக்கருக்கு அடியில் ஒளிந்திருந்தாலும், எப்படிக் கழற்றுவது என்ற விளக்கமும் பாதுகாப்புக் குறிப்பும் சாதனத்தோடு வர வேண்டும், இணையத்திலும் நிரந்தரமாக இருக்க வேண்டும். அத்தானுக்கு நான் தேவைப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது உதிரி பற்றிய விதி. ஒரு மாடலின் கடைசிப் பீஸ் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 வருடம் அதற்கான பேட்டரி உதிரிப் பாகமாகக் கிடைக்க வேண்டும். பழுது பார்ப்பவருக்கு மட்டுமல்லாமல் வாங்கியவருக்கும், நியாயமான, பாரபட்சமில்லாத விலையில். அக்காவுக்கு இல்லாமல் போனது இதுதான். கூடவே, பொருந்தும் வேறு பேட்டரியைப் போட்டால் மென்பொருளை வைத்து வேலை செய்யவிடாமல் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது.

சரி, தராதது என்ன? கடமை முழுப் பேட்டரி பேக்குக்கு மட்டும்தான், உள்ளே இருக்கும் தனிச் செல்லுக்கு இல்லை. ஆறில் ஒரு செல் கெட்டாலும் முழுப் பேக்கைத்தான் வாங்க வேண்டும். 'நியாயமான விலை' என்றால் எவ்வளவு என்று பிரிவில் ஒரு எண்ணும் கிடையாது. 5 வருடம் என்பது மாடல் நின்ற நாளிலிருந்து ஓடும் கடிகாரம். நீங்கள் வாங்கிய நாள் அதற்கு ஒரு பொருட்டில்லை. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று நிறுத்தப்பட்ட மாடலை இரண்டு வருடம் கழித்து வாங்கினால், உங்களுக்கு மிச்சம் 3 வருடம்தான்.

பொறுத்திருப்பதா?

'2027 வரை பொறு' என்று சொல்வது எளிது. நான் சொல்ல மாட்டேன். சட்டம் பேசுவது முதல் முறையாகச் சந்தைக்கு வரும் பீஸைப் பற்றி. பிப்ரவரி 17-க்குள் சந்தைக்கு வந்து கிடங்கில் கிடப்பது அதன் பிறகும் விற்கப்படலாம். 2027 கோடையில் கடை அலமாரியில் பழைய பெட்டியும் புதிய பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. தேதியை நம்பி வாங்குவதை விடப் பெட்டியைத் திருப்பிப் பார்த்து வாங்குவதே நல்லது. அதை இன்றைக்கே செய்யலாம்.

இன்னொன்று, கைப்பிடி வாக்குவத்தைப் பொறுத்தவரை நல்ல சாதனங்கள் பல ஏற்கெனவே பொத்தானை அழுத்தினால் வெளியே வரும் பேக்கோடுதான் வருகின்றன. பொறுப்பதால் லாபம் ஷேவர், ட்ரிம்மர், சின்னக் கை மிக்ஸி போன்றவற்றில்தான். அதிலும் தண்ணீர் விவகாரம் ஒன்று இருக்கிறது, கீழே வருகிறேன்.

க்ளிக் பேக்கா, ட்ரில் பேட்டரியா

அக்காவுக்கு நிஜமான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

முதல் வகை: வாக்குவத்துக்கென்றே செய்த, பொத்தானை அழுத்திக் கழற்றும் பேக். எடை கையில் சரியாக உட்காரும்படி வடிவமைத்திருப்பார்கள். கழற்றிய பேக்கை அலமாரியில் வைத்தே சார்ஜ் போடலாம், வாக்குவத்தைப் பிளக் பாயிண்ட் வரை இழுத்துப் போக வேண்டாம். இரண்டாவது பேக் இருந்தால் வீடு முழுக்க ஒரே மூச்சில் முடிக்கலாம். பேட்டரி மாற்ற 5 விநாடி, கருவியே வேண்டாம். வசதியில் இதை எதுவும் மிஞ்சாது. ஒரே குறை, அந்தப் பேக் அந்த ஒரு குடும்பச் சாதனத்துக்குத்தான் பொருந்தும். அடுத்த தலைமுறை வாக்குவத்துக்குக் கம்பெனி வேறு வடிவம் வைத்தால் உங்கள் பேக் அநாதை. அதன் பிறகு உங்களைக் காப்பது அந்த 5 வருட விதி மட்டும், அதுவும் விதி அமலான பிறகு சந்தைக்கு வந்த பீஸாக இருந்தால்.

இரண்டாவது வகை: ட்ரில், ஸ்க்ரூ மெஷின், புல்வெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே பேட்டரி வைக்கும் பிராண்டுகளின் வாக்குவம். பெரும்பாலும் 18 வோல்ட், அதாவது ஐந்து செல் வரிசை. (சில பிராண்டுகள் இதையே '20 வோல்ட்' என்று எழுதும். முழுச் சார்ஜில் அளந்த கணக்கு, பேட்டரி அதேதான்.) மக்கிட்டாவின் 18 வோல்ட் எல்எக்ஸ்டி வரிசை 2005-ல் வந்தது, இன்றும் ஓடுகிறது. மெட்டாபோ முன்னின்று 2018-ல் தொடங்கிய காஸ் (CAS) கூட்டணியில் பல பிராண்டுகளின் கருவிகள் ஒரே 18 வோல்ட் பேக்கைப் பகிர்ந்துகொள்கின்றன. பாஷும் கார்டேனாவும் 2020-ல் தொடங்கிய 'பவர் ஃபார் ஆல்' கூட்டணியும் அதே யோசனைதான், வீட்டு, தோட்டச் சாதனங்களுக்கு.

இதில் எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அப்படியிருந்தும் ஒரு பேக் வடிவம் இருபது வருடம் எப்படி நிலைத்தது? ட்ரில் வாங்கியவர்கள், ரம்பம் வாங்கியவர்கள், வீட்டில் நாலு பேக் வைத்திருப்பவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் பகைத்துக்கொள்ள எந்தக் கம்பெனியும் துணியாது. சட்டம் 5 வருடம் தருகிறது, கம்பெனியின் சுயநலம் அதைவிட நீளமாகத் தருகிறது. பேட்டரியை முதலில் தேர்ந்தெடுங்கள், சாதனம் அதற்கு மாட்டும் தொப்பிதான் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், அக்கா திட்டுவதற்கு முன்னால். இந்த வாக்குவங்கள் மரத்தூள் அள்ளப் பிறந்தவை. பலவற்றில் சுழலும் பிரஷ் கிடையாது. கார்ப்பெட்டில் முடி சிக்கியிருந்தால் திணறும். சத்தம் ஒரு சுருதி கூடுதல். அழகு... சரி, அதை விடுங்கள். 5 ஏஎச் பேக்கில் பொதுவாகப் பத்து செல் இருக்கும், ஒவ்வொன்றும் ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, செல் மட்டுமே அரைக் கிலோ பக்கம் வரும். கையை உயர்த்தித் திரைச்சீலையைச் சுத்தம் செய்யும்போது தோள் சொல்லும். 2 ஏஎச் பேக் பாதி எடை, ஆனால் 36 வாட்-அவர்தான், அதிவேகத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு பிராண்டு பேக்கை இன்னொரு பிராண்டில் மாட்ட விற்கும் அடாப்டர்களையும் நான் வாங்க மாட்டேன். பேட்டரி அளவுக்கு மீறித் தீராமல் காக்கும் வெட்டு சில பிராண்டுகளில் பேக்குக்குள் இல்லை, கருவிக்குள் இருக்கும். அடாப்டர் வழியாக வேறு கருவியில் மாட்டினால் அந்தக் காவல் இல்லாமல் போய், செல்கள் அடிமட்டம் வரை உறிஞ்சப்பட்டுச் செத்துவிடும்.

பணக் கணக்கு எப்படி? வாய்க்கணக்காகவே போடலாம். பேட்டரியை மாற்ற முடியாதபடி மூடிய வாக்குவம் 180 யூரோ, நாலு வருடம் என்று வைப்போம். எட்டு வருடத்துக்கு இரண்டு வாங்கினால் 360. க்ளிக் பேக் வாக்குவம் 260 யூரோ, நாலாவது வருடம் ஒரு பேக் 70 யூரோ, மொத்தம் 330. லாபம் வெறும் 30 யூரோ. அதே பேக் 120 யூரோ என்றால் 380, மூடியதே மலிவாகிவிடுகிறது! மாற்றக்கூடிய பேட்டரி என்றாலே சிக்கனம் என்ற நினைப்பு இங்கேதான் தடுக்கி விழுகிறது. கழற்ற முடியுமா என்பதற்கு அடுத்தபடி, பேக்கின் இன்றைய விலை என்ன என்று பார்த்தே ஆக வேண்டும். என் அளவுகோல்: பேக் விலை சாதன விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரண்டாவது பேக் வாங்க உங்களுக்கு மனம் வராது, அந்தச் சாதனமும் அக்காவின் பழையது மாதிரி மூலையில் நிற்கும். ட்ரில் குடும்பத்தில் ஏற்கெனவே பேக் வைத்திருப்பவர் பேட்டரி இல்லாத வெறும் உடம்பை மட்டும் வாங்கலாம், கணக்கு தலைகீழாகிறது. ஒரு பேக்கும் இல்லாதவர் பேக், சார்ஜர் எல்லாம் சேர்த்து வாங்கினால் அந்த லாபம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஸ்க்ரூவுக்குள் இருக்கும் பேக், அதாவது அக்காவின் பழைய வகை, இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சட்டத்துக்கு அது போதும். நாலு வருடத்துக்கு ஒரு முறை கழற்றுவதற்குப் பத்து நிமிடம் செலவழிப்பது பெரிய விஷயமும் இல்லை. ஆனால் கூடுதல் பேக் வைத்து மாற்றி மாற்றி ஓட்ட முடியாது. விலை நன்றாகக் குறைவாக இருந்தால் மட்டும் வாங்கலாம்.

தண்ணீர் என்று ஒரு வாசல்

அத்தானின் ஷேவருக்கும் வயதாகிவிட்டது. அங்கே கதை வேறு. 11-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு: தண்ணீர் தெறிக்கும், ஓடும், அல்லது மூழ்கும் சூழலில் முதன்மையாக வேலை செய்வதற்கென்றே வடிவமைத்து, கழுவவோ அலசவோ கூடிய சாதனமாக இருந்தால், பேட்டரியை வாங்கியவர் மாற்ற முடியாவிட்டாலும் கம்பெனியைச் சாராத தொழில்நுட்பர் மாற்ற முடிந்தால் போதும். அதுவும் பயன்படுத்துபவரின், சாதனத்தின் பாதுகாப்புக்கு அது தேவைப்பட்டால் மட்டுமே.

எலக்ட்ரிக் டூத்பிரஷ் இந்த வாசல் வழியாக நுழையப் பார்க்கும், ஷவரில் பயன்படுத்தும் ஷேவரும்தான். சாப்பாடு அரைக்கும் கை பிளெண்டருக்கு இதில் இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. தண்ணீரில் படுவது கழற்றக்கூடிய தண்டுதான், மோட்டார் உள்ள உடம்பை யாரும் குழாயடியில் காட்டுவதில்லை. வாக்குவத்திலும் கழுவுவது தூசிக் கிண்ணத்தை மட்டும்தான். 'கிண்ணம் கழுவலாம்' என்று பெட்டியில் இருப்பது மொத்தச் சாதனத்துக்கும் விலக்கு ஆகாது.

வாங்கியவர் திறந்து மூடினால் உள்ளே தண்ணீர் போய்விடும் என்ற பயம் முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன், நானே அனுபவித்தவன். பழைய ட்ரிம்மர் ஒன்றைத் திறந்தேன். முதுகு மூடிக்கு அடியில் ஒரு ஸ்க்ரூ, சுற்றிலும் க்ளிப், நடுவில் தலைமுடி அளவு மெல்லிய ரப்பர் வளையம். உள்ளே ஒரே ஒரு செல், அதன் இரண்டு முனையிலும் வெல்டு செய்த நிக்கல் பட்டை, பட்டையிலிருந்து போர்டுக்கு சால்டர். செல்லின் மேல் நேராகச் சூடு வைக்கக் கூடாது என்பதால் பட்டையோடு வரும் செல்லாக வாங்கி, பட்டையில் மட்டும் சால்டர் வைத்தேன். ட்ரிம்மர் புதிது மாதிரி ஓடியது. மூன்றாவது வாரம் குழாயில் அலசினேன், நின்றது. ரப்பர் வளையத்தை நான் சரியாக உட்கார வைக்கவில்லை. ஒரு இடத்தில் முறுக்கியிருந்தது, உள்ளே தண்ணீர்.

ஆனால் இதே வாதத்தை டார்ச் லைட் செய்பவர்கள் வைப்பதில்லை. தண்ணீரில் மூழ்கினாலும் எரியும் டார்ச்சில் திருகு மூடியும் ஓ-ரிங்கும் வைத்து, செல்லை யார் வேண்டுமானாலும் மாற்றும்படி செய்கிறார்கள். முடியாத காரியம் இல்லை. கொஞ்சம் தடிமன் கூடும், கொஞ்சம் செலவு கூடும். ஒழுங்குமுறையின் முன்னுரையும், வடிவமைப்பை மாற்றிச் சரிசெய்ய முடியாதபோதுதான் இந்த விலக்கு என்கிறது. எத்தனை கம்பெனிகள் அந்த வரியைப் படித்துவிட்டு வரைபலகைக்குத் திரும்பும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஆகவே ஷேவர், டூத்பிரஷ்ஷில் என் வரிசை இப்படி. சாதாரண டபுள் ஏ செல் போடும் மாடல் கிடைத்தால் அதுதான் முதல். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல், 1.2 வோல்ட், எந்தக் கடையிலும் கிடைக்கும். அலமாரியில் கிடந்தாலே சார்ஜ் கரைந்துபோகும் பழைய பிரச்சினையும், 2005-ல் சான்யோவின் எனலூப் வந்த பிறகு, அந்த வகைச் செல்களில் பெரிதாக இல்லை. உலகத்தில் எந்தக் கம்பெனி மூடினாலும் டபுள் ஏ செத்துப் போகாது. (அப்படியானால் வாக்குவத்துக்கும் அதையே போடலாமே என்று அத்தான் கேட்டார். 2000 எம்ஏஎச் செல் ஒன்றில் 2.4 வாட்-அவர், அக்காவின் 54-க்கு 23 செல் வேண்டும். விட்டுவிட்டார்.) டபுள் ஏ கிடைக்கவில்லை என்றால், பழையது ஓடும்வரை ஓட்டிவிட்டு 2027-க்குப் பிறகு வாங்கலாம். பொறுமைக்குப் பலன் இருக்கும் இடம் இதுதான். உடனே தேவை என்றால் மலிவானதை வாங்குங்கள், ஒட்டி மூடிய ஷேவருக்கு அதிகப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

இடையில் ஒரு சின்ன ஒப்பீடு. ஸ்மார்ட்போன்களுக்கு 2025 ஜூன் 20 முதல் அமலில் உள்ள தனி விதி ஒரு குறுக்கு வழி தருகிறது. 1000 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு இருந்து, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கினால், பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படி வைக்க வேண்டியதில்லை. பேட்டரி நெடுநாள் உழைத்தால் மூடி வைத்துக்கொள் என்கிற இந்தப் பேரம் வாக்குவத்துக்கும் ட்ரிம்மருக்கும் கிடையாது. எனக்கு அதுவே சரி என்று படுகிறது. போனைத் தினமும் சார்ஜ் செய்கிறோம், சுழற்சிக் கணக்கு பொருந்தும். வாரம் இரண்டு முறை ஓடி, மீதி நாளெல்லாம் முழுச் சார்ஜில் சுவரில் தொங்கும் வாக்குவத்தில் செல் தேய்வது சுழற்சியால் மட்டுமல்ல, காலத்தாலும் சூட்டாலும்தான். நிரம்பிய நிலையில் வெப்பத்தில் கிடப்பதுதான் லித்தியம் செல்லுக்கு ஆகாதது. ஓட்டும் முந்தின இரவு சார்ஜ் போட்டால் போதும்.

வயர் வைத்தது? சின்ன வீடு, மாடிப்படி இல்லை, இழுத்துப் போகச் சோம்பல் இல்லை என்றால் வயர் வாக்குவம் இந்தக் கட்டுரை முழுவதையும் தேவையில்லாமல் ஆக்கிவிடும். அக்காவிடம் சொன்னேன். "இருபது வருஷம் வயரை இழுத்தாச்சு, போதும்டா" என்றாள்.

பழைய பேக்கை என்ன செய்வது

குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. நசுங்கினால் தீப்பிடிக்கும், குப்பை லாரியில் நசுங்குவதற்கென்றே இயந்திரம் இருக்கிறது. பேட்டரி விற்கும் கடையே வீட்டுப் பேட்டரிகளை இலவசமாகத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கனெக்டர் முனையில் டேப் ஒட்டிக் கொண்டுபோனால் போதும். ஒன்றியம் இவ்வளவு மெனக்கெடுவதில் பாதிக் காரணமும் இங்கேதான்: வீட்டுப் பேட்டரிகளில் 2027 முடிவுக்குள் 63 சதவீதமும் 2030 முடிவுக்குள் 73 சதவீதமும் திரும்பச் சேகரிக்க இலக்கு வைத்திருக்கிறார்கள். சாதனத்துக்குள் ஒட்டிக் கிடக்கும் பேட்டரி இந்தக் கணக்கில் எளிதில் சிக்காது.

அக்கா என்ன வாங்கினாள்? அத்தானின் கீழறையில் ட்ரில்லுக்கென்று மூன்று 18 வோல்ட் பேக் இருந்தது, இரண்டு 4 ஏஎச், ஒன்று 2 ஏஎச். அதே குடும்பத்தில் சுழலும் பிரஷ் உள்ள வாக்குவம் ஒன்று வெறும் உடம்பாகக் கிடைத்தது. கடைக்குப் போய்க் கையில் தூக்கிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு முகம் சுளித்து, விலையைப் பார்த்துச் சமாதானமாகி வாங்கினாள். இரண்டு 4 ஏஎச் பேக்கிலும் மார்க்கரால் தன் பெயரை எழுதிவிட்டாள்.

போன சனிக்கிழமை அத்தான் போன் செய்தார். அலமாரி மாட்டச் சுவரில் துளை போட வேண்டுமாம். 2 ஏஎச் பேக் பாதித் துளையில் தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டில் ஒன்று சார்ஜில், இன்னொன்று மாடியில் உறுமிக்கொண்டிருக்கிறது. "மாப்ள, நீதான் அவகிட்ட கேட்டுச் சொல்லணும்" என்றார்.